மெத்தையும் மறதியும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையில் கழிக்கிறான் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. அறுபதைத் தாண்டிய ஒருவன் இருபது ஆண்டுகள் உறங்கியிருப்பான். அந்த இருபது ஆண்டுகளையும் எதன்மேல் கழித்தாய் என்று திடீரென்று கேட்டால் அவனுக்கு உடனே விடை வராது. உண்ட உணவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். உடுத்திய உடையை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்போம். படுத்த படுக்கையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வலி வந்தாலன்றி அது நம் நினைவுக்கு வருவதுமில்லை.

எனக்கு வலி 61-ஆம் வயதில் வந்தது. இடுப்பில் தொடங்கி இடது காலின் வெளிப்புறமாக இறங்கிக் கணுக்கால்வரை ஓடும் வலி. மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, அஞ்சும்படி ஒன்றுமில்லை என்றார். நான் எழுந்து வாசலை அடைந்தபோது, "வீட்டில் எதில் படுக்கிறீர்கள்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுப் பழைய இலவம்பஞ்சு மெத்தை. நடுவில் பள்ளம் விழுந்து, பஞ்சு கட்டிதட்டிப்போனது. "முதலில் அதை மாற்றிப் பாருங்கள்" என்றார். பெங்களூரில் பணியாற்றும் என் மகன் இதைக் கேட்டதும், லேடெக்ஸ் மெத்தைதான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். லேடெக்ஸ் என்றால் என்னவென்று என் மனைவி வினவினாள். "நம் வீட்டைச் சுற்றி நிற்கிறதே, அந்த மரத்தின் பால்தான்" என்றேன். அவள் நம்பவில்லை.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகே இருக்கிறது. எத்திசையில் நடந்தாலும் ரப்பர்த் தோட்டம்தான். 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகள், அங்கே முளைத்து, இலங்கைக்கு வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மலைகளிலும் வேரூன்றின. அந்த மரங்களின் நிழலில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். என் தந்தை அந்த மரங்களை வெட்டித்தான் எங்களை வளர்த்தார். வெட்டுவதென்றால் வீழ்த்துவதென்று பொருளன்று. பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை எங்கள் பகுதியில் பால்வெட்டு என்போம். இத்தனைக்கும் அந்தப் பாலில் செய்த படுக்கையில் எங்கள் வீட்டில் எவரும் ஒருநாளும் படுத்ததில்லை.

நாகர்கோவில் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கேதான் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. ரப்பர் என்ற பெயரில் அங்கே நாலைந்து வகை இருந்தன. தேங்காய் நாரின்மேல் ரப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்தியது ஒன்று. உள்ளே சாதாரண ஸ்பாஞ்சும் மேலே ஓர் அங்குலம் ரப்பரும் வைத்துத் தைத்தது மற்றொன்று. பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர் கலந்தவையும் உண்டு. முழுக்க மரப்பாலால் ஆனதும் உண்டு. அதன் விலையைக் கேட்டதும் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எல்லாவற்றின் மேலும் ஒரேவிதமான பச்சை இலைப் படம். உறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை அங்குலம் ரப்பர், ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ அடர்த்தி என்று கேளுங்கள். கேட்கத் தெரியாதவனுக்கு இலைப் படம்தான் கிடைக்கும்.

இரண்டாவது பாடம் சற்று வெட்கத்துக்குரியது. மெத்தை வாங்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். "மெத்தென்று இருக்கிறது" என்று சொல்லிப் பணத்தை எடுக்கிறார்கள். உள்ளங்கையா இரவில் உறங்கப்போகிறது? தோளும் இடுப்பும் விலாவும் அழுந்தினால் என்ன ஆகும் என்பது அவற்றை அழுத்தினால்தான் தெரியும். காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கும் அதே நிலையில், கால்மணி நேரமாவது படுத்துப் பார்க்க வேண்டும். அறிமுகமில்லாதவர்கள் நடமாடும் இடத்தில், பட்டப்பகலில், அறுபது வயதுக்காரன் ஒருக்களித்துப் படுப்பது எளிதன்று. நான் இரண்டு நிமிடம் மல்லாந்து படுத்துவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் நான் ஒருநாளும் மல்லாந்து உறங்கியவனல்லன். அந்த வெட்கத்துக்கு மூன்று வாரம் விலை கொடுத்தேன்.

நாங்கள் வாங்கியது 6 அங்குலக் கனமுள்ள மெத்தை. ஜிப் வைத்த உறைக்குள் இரண்டிரண்டு அங்குலமாக மூன்று அடுக்குகள்: அடியில் கடினமானது, நடுவில் இடைத்தரம், மேலே மென்மையானது. வேண்டியபடி மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். மெத்தையில் எங்கும் விரல்நுனி அளவில் துளைகள். காற்றோட்டத்துக்காக வைத்தவை என்றார் கடைக்காரர். அவை காற்றுக்கும் உதவலாம். ஆனால் அவை உண்டானதன் காரணம் வேறு. ஷீட்டுக்குப் போகும் பாலை அமிலம் விட்டு உறையவைப்பார்கள். மெத்தைக்குப் போகும் பாலையோ உறையவிடாமல் அம்மோனியா சேர்த்துக் காத்து, வேகமாகச் சுழலும் எந்திரத்தில் நீரைப் பிரித்து, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் இருக்கும்படி செறிவாக்குவார்கள். பிறகு கந்தகமும் சோப்பும் பிறவும் சேர்த்து நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைப்பார்கள். நம் வீட்டு இட்லியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் 6 அங்குல இட்லியின் நடுப்பகுதி எப்படி வேகும்? அதற்காக அச்சில் ஊசிகள் வரிசையாக நிற்கும். அவை வெப்பத்தை உள்ளே கொண்டுசெல்லும். நாம் காணும் துளைகள் அந்த ஊசிகள் நின்ற இடங்கள். 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டறிந்த வழி இது. அச்சிலிருந்து காற்றை உறிஞ்சி, நுரையை உறையவைத்து, பிறகு வேகவைக்கும் டாலலே முறை பின்னர் வந்தது. அது சற்று மென்மையும் சீர்மையும் உடையது, விலையும் கூடியது. டன்லப் முறையில் நுரை இறுகுமுன் கனமான துகள்கள் அடியில் தங்குவதால் ஒருபக்கம் சிறிது கடினமாகவே இருக்கும். புரட்டிப் போட்டால் வேறு மெத்தைபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

முதல் இரவு நான் உறங்கவில்லை. இரண்டாம் இரவு வலதுகை மரத்துப்போயிற்று. மூன்றாம் நாள் மென்மையான அடுக்கை நடுவுக்கு மாற்றினேன். நான்காம் நாள் கடினமானதை மேலே போட்டேன். ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒவ்வொரு புது வலி. மகனிடம் தொலைபேசியில் எரிந்து விழுந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீங்க. ஒன்றை மாற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருங்க. முப்பது வருஷப் பள்ளத்துக்குப் பழகின முதுகு ஒரே ராத்திரியில் நிமிருமா?" என்றான். பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவனுக்கு, சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்பதை மகன் நினைவூட்ட வேண்டியிருந்தது.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். ஒருக்களித்துப் படுப்பவனுக்குத் தோளும் இடுப்பும் சிறிது அமிழ வேண்டும். இடையோ தாங்கப்பட வேண்டும். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு முதுகுத்தண்டு நேர்க்கோடாகத் தெரிந்தால் சரி. மல்லாந்து படுப்பவர் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்கலாம். தாராளமாக நுழைந்தால் மெத்தை கடினம், நுழையவே முடியாவிட்டால் அளவுக்குமேல் அமிழ்கிறது. குப்புறப் படுப்பவருக்குக் கடினமானதே நல்லது. இவற்றையெல்லாம் என் மனைவி கட்டிலருகே நின்று, ஒரு மரச்சட்டத்தை என் முதுகில் வைத்துச் சரிபார்த்தாள். அப்படியும் கழுத்துவலி போகவில்லை. கடைசியில் குற்றவாளி தலையணை என்று தெரிந்தது. தோள் மெத்தைக்குள் அமிழ்ந்தபின் தலைக்குத் தேவைப்படும் உயரம் குறைந்துவிடுகிறது. நானோ பழைய உயரத் தலையணையையே வைத்திருந்தேன். மெத்தையை மாற்றுகிறவர்களில் பலர் தவறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். தாழ்ந்த தலையணை வந்தது; 22-ஆம் நாள் காலை ஐந்தரைக்கு விழித்தபோது, இரவு முழுவதும் நான் படுக்கையை நினைக்கவே இல்லை என்பதை உணர்ந்தேன்.

சுகம் என்று நாம் சொல்வது இதுதானோ என்று அன்று தோன்றிற்று. மென்மை அதன் இலக்கணமன்று. அதிக மென்மை என் இடுப்பை வாட்டியது. கடினமும் அன்று. உடலோடு ஒரு பொருள் முழுமையாகப் பொருந்திவிட்டால் அந்தப் பொருள் நம் அறிவிலிருந்து மறைந்துவிடுகிறது. பல்லை நினைப்பவன் பல்வலிக்காரன். மெத்தையை நினைப்பவன் உறங்காதவன். அப்படியானால் நல்ல மெத்தையின் சிறப்பு, தன்னை மறக்கச் செய்வதே.

இதை நான் பெருமையோடு எழுதி முடித்திருக்கலாம். ஆனால் என் தந்தை எங்களோடு இருக்கிறார். அவருக்கு 86 வயது.

மெத்தை வந்து இறங்கிய அன்றே அவர் அறைக்குள் வந்தார். உறையைச் சிறிது திறந்து, குனிந்து முகர்ந்தார். "இது பால் வாடைல்லா மக்கா?" என்றார். எனக்கு அதில் ஒரு மணமும் தெரியவில்லை. பிறகு, "எத்தன கிலோ காணும்?" என்று கேட்டார். 35 கிலோ என்றேன். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். ஒரு தொழிலாளி ஒரு நாளில் வெட்டுவது 300 முதல் 400 மரம். ஒரு மரம் ஒரு வெட்டுக்குத் தரும் பாலில் நீர் போக மிஞ்சும் ரப்பர் ஏறத்தாழ 35 கிராம் இருக்கலாம். மரத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப அது மாறும். "மூணு நாள் வெட்டு. கொஞ்சம் கூடுதலும் வரும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என் மனைவி பழைய வழக்கப்படி மெத்தையை முற்றத்து வெயிலில் போட முனைந்தபோது தடுத்தவரும் அவர்தான். பஞ்சு வெயிலில் உயிர்பெறும். ரப்பர் நாள்பட வெயில் பட்டால் பிசுபிசுத்துப் பின்பு உதிர்ந்துபோகும்.

மூன்று நாள் வெட்டு என்பது என்ன? மரத்துக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்பு. வெயில் ஏறி இலைகள் நீரை வெளியிடத் தொடங்கினால் பால் குறையும். ஆகவே வெட்டுத் தொழிலாளி இரவு இரண்டரை, மூன்று மணிக்கு எழ வேண்டும். முன்பு மண்ணெண்ணெய் விளக்கு. பின்னாளில் நெற்றியில் கட்டும் விளக்கு. அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே மரத்துக்கு மரம் போய், பட்டையில் சாய்வாக மெல்லியதொரு சீவல் எடுக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் இல்லை. இழைபோன்ற அளவு கூடுதலாகப் போனால் உள்தோல் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. அந்த ஆழம் அவருடைய கைக்குத் தெரியும். நான் மூன்று வாரம் அடுக்குகளை மாற்றிமாற்றித் தேடிய அளவை, அவர் இருட்டில் ஒரு நாளில் முந்நூறு முறை கண்டிருக்கிறார். வெட்டி முடித்து, திரும்பவும் அதே வழியில் சிரட்டைகளிலிருந்து பாலைச் சேகரித்து, கொண்டுபோய் அளந்து ஊற்றும்போது பகல் ஏறியிருக்கும். சிறுவயதில் நான் பள்ளிக்குப் புறப்படும்போது அவர் திரும்பிவருவார். அவர் எழுந்து போகும் ஓசையை நான் கேட்டதே இல்லை. அவ்வளவு நன்றாக உறங்கியிருக்கிறேன்.

இப்போது என் கேள்வி இதுதான். நல்ல படுக்கை தன்னை மறக்கச் செய்யும் என்றால், அதைச் செய்தவரையும் சேர்த்தே மறக்கச் செய்கிறது. சுகத்தின் இயல்பே மறதி எனில், சுகமாக உறங்குகிறவன் நன்றியோடும் இருப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றதுண்டு. ஓவியங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். மலையின் மறுபுறம் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உண்டு. பாறை விளிம்பில் கவனமாக நடந்துதான் அங்கே சேர வேண்டும். உள்ளே சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். உடலை வருத்தி நோன்பிருந்தவர்களின் படுக்கை. ஆயினும் அந்தக் கல் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது; தலைப்பக்கம் தலையணைபோல் சிறிது உயர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவர்க்கும் கழுத்துக்கு ஓர் உயரம் வேண்டியிருந்தது என்று நான் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். அங்குள்ள பெரிய படுக்கையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்துகள் உண்டு. இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு, இன்ன ஊர் இளையர் செய்து தந்தது என்பது அதன் கருத்து. படுப்பவன் பெயரும் செய்தவர் பெயரும் ஒரே கல்லில். மறக்க நினைத்தாலும் முதுகு மறக்காது.

என் மெத்தையின் உறையிலும் எழுத்துகள் உண்டு. நிறுவனத்தின் பெயர், அடர்த்தி, தொகுதி எண், உத்தரவாதம் இத்தனை ஆண்டு.

இதற்குத் தீர்வாக, மெத்தையைத் துறந்து தரையில் படுப்பதென்று ஒரு நண்பர் சொன்னார். தரையில் படுத்தவர்களெல்லாம் நன்றாக உறங்கினார்கள் என்று நாம் ஒரு கதையை நம்பிக்கொண்டிருக்கிறோம். நானும் நம்பினேன். மெத்தையில் படுத்துப் பார்க்கும்படி நான் அழைத்தபோது, "எனக்குப் பாய் மதி. உடம்பு சோர்ந்தா தூக்கம் வரும்" என்றுதான் அப்பா சொன்னார். அதைக் கேட்டு நெகிழ்ந்து, அதை ஒரு தத்துவமாகவே மனத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவர் ஓலைப்பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். ஏன் படுக்கவில்லை என்று கேட்டேன். இடதுபுறமே படுத்துப் படுத்து வலிக்கிறதாம். வலதுபுறம்? அந்தத் தோளில் படுத்து வெகுகாலம் ஆயிற்றாம். நாற்பது ஆண்டுகள் கத்தி பிடித்த தோள். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பாய் போதும் என்ற சொல்லுக்குள் அந்தத் தோளும் இருந்தது. ஏழைகளின் எளிமையை நாம் புகழும்போது, அவர்கள் வலியை விசாரிக்கும் கடமையிலிருந்து நைசாகத் தப்பிவிடுகிறோமோ என்று எனக்கு ஐயம்.

மறுநாள் உறையின் ஜிப்பைத் திறந்து மேலேயிருந்த மென்மையான அடுக்கை உருவி எடுத்தோம். இரண்டங்குல ரப்பர், ஆனாலும் பாம்பைப்போல நழுவிற்று, தூக்க இருவர் வேண்டியிருந்தது. அப்பாவின் அறையிலிருந்த பழைய கட்டிலின் பலகைச் சட்டங்களுக்கிடையே இடைவெளி அதிகம். மேலும் இரண்டு சட்டம் அடித்து, அதன்மேல் பழைய மெத்தையிலிருந்த பஞ்சை அடித்துத் தைத்த மெல்லிய விரிப்பைப் போட்டு, அதன்மேல் ரப்பர் அடுக்கைப் பரப்பினோம். தம் ஓலைப்பாய் அதன்மேல் இருந்தால்தான் படுப்பேன் என்றார். மெத்தை செய்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ரப்பரின் நெகிழ்வில் பாதியைப் பாய் தின்றுவிடும். மீதிப் பாதி அவருக்குப் போதுமானதாயிற்று. நாலாம் நாள், வலதுபுறம் கொஞ்ச நேரம் படுத்ததாகச் சொன்னார்.

என் மெத்தை இப்போது 4 அங்குலம். இடைத்தர அடுக்கு மேலே வந்திருக்கிறது. முன்புபோல் முழுவதும் மறந்து உறங்குகிறேன் என்று சொல்லமாட்டேன். பின்னிரவில் ஒருமுறை விழிப்பு வருகிறது. மகன் இன்னோர் அடுக்கு வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். வாங்கலாம், அதில் தவறொன்றுமில்லை. இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பால் எந்தத் தோட்டத்தது என்று அப்பா இருமுறை கேட்டார். கடைக்குத் தொலைபேசினேன். உறையிலுள்ள எண்ணைச் சொன்னதும் தயாரித்த மாதத்தைச் சொன்னார்கள், உத்தரவாதம் எப்போது முடிகிறது என்பதைச் சொன்னார்கள். எந்த மலைப் பால் என்று கேட்டபோது, மறுமுனையில் இருந்த இளைஞர் கேள்வியைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். "பல மலைப் பால் ஒண்ணாச் சேரும் மக்கா. ஆருக்குத் தெரியும்?" என்றார்.

நேற்று பின்னிரவு விழிப்பு வந்தபோது மணி மூன்று. அவர் அறையில் ஓசை கேட்டுப் போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்மலையில் நெற்றி விளக்குகள் மரத்துக்கு மரம் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தன. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏழு பேர்" என்றார். நான் எண்ணியபோது ஆறுதான் இருந்தது. "ஒருத்தன் அந்தப் பாறைக்கு அப்புறம் இருக்கான், இப்ப வருவான்" என்றார்.